எத்தனை நிமிடம்? எவ்வளவு குலுக்கம்?

(செஞ்சியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் கொண்டு போகப்படும் நோயாளியின் உடம்பு வழியெல்லாம் எவ்வளவு அதிர்கிறது என்பதுதான் இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். துண்டறிக்கையில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, திண்டிவனம் - திருவண்ணாமலை ரயில் பாதையே நம் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. நீங்கள் விமானத்துக்குப் போய்விட்டீர்களே!" என்றார். நியாயமான கேள்வி. அவருக்கும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன். விமானத்திலிருந்து தொடங்குகிறேன், முடிவதற்குள் நம் செஞ்சிச் சாலைக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னையில் நடந்ததை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் இதயத்தை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோரே தானம் கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அந்த இதயம் போனது. போக்குவரத்துக் காவலர்கள் வழியைத் திறந்துவிட்டார்கள். எத்தனை நிமிடம்? பதினொரு நிமிடம்! நாடே அந்தப் பதினொரு நிமிடத்தைப் பேசியது. பிறகு அந்தக் கருவை வைத்து மலையாளத்திலும் தமிழிலும் திரைப்படமே வந்தது.

அதே செப்டம்பர் மாதம்தான் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவையும் தொடங்கியது. அன்றிலிருந்து நாம் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டோம். வண்டி வர எத்தனை நிமிடம்? மருத்துவமனைக்குப் போக எத்தனை நிமிடம்? கேட்க வேண்டிய கேள்விதான், குறை சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் போன இதயம் பனிக்கட்டியில் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு வலி தெரியாது, ரத்த அழுத்தம் ஏறாது, வாந்தி வராது. உயிரோடு படுத்துப் போகிற மனிதருக்கு இவை எல்லாம் உண்டு. அவர் எத்தனை நிமிடத்தில் போனார் என்று கேட்டோம். எப்படிப் போனார் என்று கேட்டோமா?

நோயாளியை ஹெலிகாப்டரில் தூக்கிப் போகும் வழக்கம் எங்கே தொடங்கியது தெரியுமா? அமெரிக்காவில் என்பீர்கள். ஹெலிகாப்டர் அமெரிக்காவுடையது, அது கிளம்பிய மண் நம்முடையது. 1944 ஏப்ரல், இரண்டாம் உலகப் போர். அசாமில் லாலாகாட் என்ற விமானத் தளம். அங்கே இருந்த அமெரிக்க வான்படைப் பிரிவைச் சேர்ந்த கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் அதிகாரி, சிகோர்ஸ்கி நிறுவனத்தின் சின்னஞ்சிறு ஹெலிகாப்டரை ஓட்டிக்கொண்டு பர்மாக் காட்டுக்குள் போனார். அங்கே ஒரு விமானியும் மூன்று பிரிட்டிஷ் வீரர்களும் சிக்கியிருந்தார்கள். அந்த இயந்திரத்துக்கு இருந்த வலுவுக்கு ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் தூக்க முடியும். ஒவ்வொருவராக நான்கு பேரையும் கொண்டுவந்தார். போர்க்களத்தில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு அதுதான்.

அடுத்து கொரியப் போர். பெல் 47 என்ற ஹெலிகாப்டர். உள்ளே இடம் இல்லை என்பதால் காயம்பட்டவரை வெளிப்புறத்தில், இறங்கு சட்டங்களின் மேல் ஸ்ட்ரெச்சரைக் கட்டிக் கொண்டுபோனார்கள். மேலே சுழலும் விசிறிக்கு இரண்டே இறக்கை. விநாடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு தடவை உடம்பை உலுக்கும். ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்களை அது காப்பாற்றியது. அன்றைக்கு அதிர்வைப் பற்றி யார் கேட்பார்கள்? குண்டு விழும் இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனாலே போதும்!

இன்றைக்கு? போர்க்களத்தை விட்டு ஊருக்குள் வந்துவிட்டது அந்தச் சேவை. கொரோனா ஆண்டுகளில் வட இந்திய நகரங்களிலிருந்து நுரையீரல் பழுதான நோயாளிகள் விமானத்தில் சென்னைக்கு வந்தார்கள். குஜராத்தைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் அபய் பரத்வாஜ் 2020 அக்டோபரில் ராஜ்கோட்டிலிருந்து அப்படித்தான் கொண்டுவரப்பட்டார். சிகிச்சை பலனளிக்காமல் அந்த டிசம்பரில் சென்னையில் காலமானார். 2024 அக்டோபர் 29 அன்று ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் 'சஞ்சீவனி' என்ற ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு மே 17 அன்று நோயாளி ஒருவரை அழைத்துவரப் போன அந்த ஹெலிகாப்டரின் வால், கேதார்நாத் அருகே இறங்கும்போது முறிந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் தப்பினார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ஏழை நோயாளிகளுக்கென்று அரசின் விமானமும் ஹெலிகாப்டரும் பறக்கின்றன. ஆக, இது பணக்காரர் விஷயம் என்று ஒதுக்கிவிடுகிற காலம் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, அதிர்வு என்றால் என்ன? கொஞ்சம் இயற்பியல் பேசலாமா? பயப்படாதீர்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

நம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஒன்று எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அடிக்கிறது. ஓட்டுநர் லேசாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். எஞ்சின் வேகம் கூடுகிறது. என்ன ஆகிறது? கண்ணாடி சட்டென்று அடங்கிவிடுகிறது! ஏன்? கண்ணாடிக்கு என்று இயல்பான ஒரு துடிப்பு வேகம் இருக்கிறது. எஞ்சினின் துடிப்பு அதோடு ஒத்துப்போகும்போது கண்ணாடி பேயாட்டம் ஆடுகிறது. ஒத்துப்போகாவிட்டால் சும்மா இருக்கிறது. இதைத்தான் ஒத்ததிர்வு என்று பாடப் புத்தகத்தில் படித்தீர்கள்.

நம் உடம்புக்கும் அப்படி ஒரு வேகம் உண்டு. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை மேலும் கீழுமாக விநாடிக்கு ஏறக்குறைய ஐந்து தடவை ஆட்டினால், அதாவது 5 ஹெர்ட்ஸில், அதிகமாக ஆடும். நான்கிலிருந்து எட்டு ஹெர்ட்ஸ் வரை வயிறும் குடலும் தோளும் குலுங்கும். பக்கவாட்டில் ஆட்டினால் ஒன்று இரண்டு ஹெர்ட்ஸே போதும். அதற்கும் கீழே, அரை ஹெர்ட்ஸுக்கும் குறைவான மெதுவான ஆட்டம்தான் குமட்டலைக் கொண்டுவருவது. மலைப்பாதைப் பேருந்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் படுத்துவது அந்த ஆட்டம்தான்.

இப்போது நம் நாட்டு ஹெலிகாப்டர் துருவ்வை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் எச்.ஏ.எல். செய்தது, 1992-இல் முதன்முதலாகப் பறந்தது, நோயாளிகளுக்காக நான்கு ஸ்ட்ரெச்சர் வரை பொருத்தலாம். அதன் விசிறி விநாடிக்கு ஐந்து சுற்றுக்குச் சற்று மேலே சுற்றுகிறது. இறக்கைகள் நான்கு. ஆகவே ஒவ்வொரு விநாடியும் இருபது இருபத்தொரு அடி உடற்பகுதியின் மேல் விழுகிறது. நான்கு இறக்கைகளும் ஒரே சீராகச் சுற்றினால் அந்த 20 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் மிகும். அது உடம்புக்கு ஓரளவு பொறுக்கக்கூடியது. ஒரே ஓர் இறக்கை எடையிலோ வளைவிலோ மயிரிழை பிசகினாலும் போதும், ஒரு சுற்றுக்கு ஓர் உதறல் என்று 5 ஹெர்ட்ஸ் தலைதூக்கும். நம் உடம்பு எந்த வேகத்துக்கு அதிகம் ஆடும் என்று சொன்னேன்? அதே ஐந்து! அதனால்தான் இறக்கைகளைச் சமன்செய்யும் மெக்கானிக்கின் கையில் நோயாளியின் நிம்மதியும் இருக்கிறது என்கிறேன். விருது கொடுக்கும்போது விமானியைக் கூப்பிடுகிறோம். அந்த மெக்கானிக்கை யாரும் கூப்பிடுவதில்லை.

அதிர்வை அடக்குவதற்காகவே துருவ்வில் விசிறிக்கும் உடற்பகுதிக்கும் நடுவே தனியாக ஓர் ஏற்பாடு வைத்தார்கள். பின்னால் வந்த மார்க் 3 வகையில், அதிர்வை உணர்ந்து எதிர்த்துடிப்பு கொடுத்து அணைக்கும் கருவியையும் சேர்த்தார்கள். அதிர்வைக் குறைக்க முடியும், தோழர்களே! பொறியியலுக்குத் தெரிந்த காரியம்தான் அது.

நிலையான இறக்கை கொண்ட விமானம் வேறு கதை. நம் நாட்டில் விமான ஆம்புலன்ஸாகப் பறப்பவற்றில் பல, கிங் ஏர் போன்ற சிறிய விசிறி விமானங்கள். அவற்றின் அதிர்வு நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே. எலும்பை உலுக்குவதைவிடக் காதைத் துளைக்கும். ஜெட் இன்னும் மென்மை. ஆனால் மேகத்துக்குள் காற்று புரட்டும்போது எல்லா விமானமும் ஒன்றுதான்; அப்போது பெல்ட் போட்டுக் கட்டுவதைத் தவிர வழியில்லை.

இந்த அதிர்வு நோயாளியை என்ன செய்கிறது? நல்ல உடம்புக்காரர் குலுங்கும்போது தசையை இறுக்கித் தன்னைத் தாங்கிக்கொள்கிறார். நாம் யாருமே யோசிக்காமல் அதைச் செய்கிறோம். மயக்க மருந்து கொடுத்து, வென்டிலேட்டர் மாட்டிப் படுக்கவைத்த மனிதரால் அது முடியுமா? முறிந்த தொடையெலும்பு ஒவ்வோர் அதிர்விலும் வலியைக் கிளப்புகிறது. வலி ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. முதுகெலும்பு அடிபட்டவரைக் காற்றை உறிஞ்சி இறுக்கும் மெத்தையில் பொதிந்து எடுத்துப்போவது அதற்காகத்தான்.

கருவிகளும் குழம்புகின்றன. கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கும் தானியங்கிக் கருவி எப்படி வேலை செய்கிறது? பட்டைக்குள் நாடியின் சின்னத் துடிப்பை உணர்ந்து கணக்குப் போடுகிறது. படுக்கையே துடித்துக்கொண்டிருந்தால் எது நாடி, எது ஹெலிகாப்டர் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால் விசிறியின் சத்தம்தான் கேட்கும். இதைவிட வேடிக்கை பேஸ்மேக்கர். சில வகை பேஸ்மேக்கர்களில் உடம்பின் அசைவை உணரும் நுண்கருவி இருக்கிறது. மனிதர் நடந்தால் இதயத் துடிப்பைக் கூட்ட வேண்டும் அல்லவா, அதற்காக. அந்த நோயாளி ஹெலிகாப்டரில் படுத்துக்கொண்டு போகும்போது, "நம் ஆள் ஓடுகிறார் போலிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு அது துடிப்பைக் கூட்டிவிட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது!

எல்லோரையும்விடப் பாவம் யார்? குறைமாதக் குழந்தை. முப்பத்திரண்டு வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தையின் மூளையில், நீர் தேங்கும் அறைகளின் ஓரத்தில், மிக மெல்லிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. பிறந்த முதல் மூன்று நாட்கள்தான் பெரும் கண்டம். ரத்த ஓட்டம் திடீரென்று ஏறி இறங்கினால் அவை கசியும், உடையும். பெரிய மருத்துவமனையிலேயே பிறந்த குழந்தைகளைவிட, பிறந்தபின் வேறிடத்துக்கு ஏற்றிக்கொண்டுபோன குழந்தைகளுக்கு இந்தக் கசிவு கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. குலுக்கல் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். குளிர், மூச்சுத் திணறல், தூக்கி இறக்கும் கைகள், தாயின் நோய் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் குலுக்கலை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கவும் முடியாது.

மெத்தை போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். எழுபது கிலோ மனிதர் படுத்தால் மெத்தை அமுங்கும், அதிர்வை விழுங்கும். ஒரு கிலோ குழந்தைக்கு மெத்தை அமுங்கவே அமுங்காது. சில வேகங்களில் தரையில் இருக்கும் அதிர்வைவிடக் குழந்தைமேல் இருக்கும் அதிர்வு அதிகமாகிவிடுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். எந்த எடைக்கு எந்த மெத்தை என்று தேர்ந்தெடுப்பது ஒரு தனி வித்தை.

2011-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பச்சிளங்குழந்தையைச் சாலை ஆம்புலன்ஸில் கொண்டுபோவதையும் ஹெலிகாப்டரில் கொண்டுபோவதையும் அளவெடுத்து ஒப்பிட்டார்கள். எது மோசம்? ஹெலிகாப்டரில் இடைவிடாத அதிர்வும் இரைச்சலும் அதிகம். சாலை வண்டியில் திடீர்க் குலுக்கலும், பிரேக்கும், திருப்பமும் அதிகம். என்னைக் கேட்டால், சீரான அதிர்வைவிட எதிர்பாராத அடியே கொடியது என்பேன். இருபது ஹெர்ட்ஸ் என்று தெரிந்தால் அதற்கேற்ற தாங்கியைச் செய்துவிடலாம். ராத்திரியில் வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைக்கு எந்தப் பொறியாளர் தாங்கி செய்வார்?

இதோ, நம் சாலைக்கு வந்துவிட்டோம்!

செஞ்சியிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை ஆகாயக் கணக்கில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹெலிகாப்டர் பறந்தால் கால் மணி நேரம். கேட்கவே இனிக்கிறது. ஆனால் அது எங்கிருந்தோ கிளம்பி இங்கே வரவேண்டும். இறங்க இடம் வேண்டும். நோயாளியை வீட்டிலிருந்து வண்டியில் அந்த இடத்துக்கு ஏற்றிவர வேண்டும். அங்கே இறங்கியதும் மறுபடி வண்டி. நான்கு தடவை தூக்கி இறக்க வேண்டும். சாலையில் போனால் இரண்டே தடவை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று பாறைமலைகள் நடுவே காற்று நேராகவும் வீசாது. அந்த மலைகளின் மேல் நிற்கும் நம் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. இனி உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்து ராஜகிரியின் படிகளில் மூச்சுவாங்க ஏறப்போகிறார்கள். உச்சியருகே பாறைப் பிளவின்மேல் போட்ட பாலத்துக்கு அப்பால் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், எந்த ஹெலிகாப்டர் வந்தாலும் முதலில் நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைச் சுமந்துதான் இறக்க வேண்டும். அந்த நான்கு பேருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோமா? ஹெலிகாப்டர் தளம் கேட்பதற்கு முன்னால் நான் அதைக் கேட்பேன்.

ஆக, இன்றைக்கும் நாளைக்கும் நம் ஊர் நோயாளி போவது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ, சாலை வழியாகத்தான். 108 வண்டியின் ஓட்டுநருக்கு என்ன பெயர் தெரியுமா? பைலட்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவர்களுடைய பதவிப் பெயரே அதுதான். ஆகவே நம் பைலட் தோழர்களிடம் ஒன்று சொல்கிறேன். நோயாளியின் தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. நீங்கள் பிரேக்கைப் பலமாக மிதித்தால் அவருடைய ரத்தம் தலையை நோக்கி ஓடும். சட்டென்று வேகம் எடுத்தால் காலை நோக்கி ஓடும். தலையில் அடிபட்டவருக்கும் பச்சிளங்குழந்தைக்கும் இது சின்ன விஷயம் இல்லை. மாரடைப்பு என்றால் விரைந்து போங்கள். பக்கவாதம் என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே கெடு, விரைந்து போங்கள். குறைமாதக் குழந்தை சீராக மூச்சு விடுகிறது, சூடு நிற்கிறது, கூடச் செவிலியர் இருக்கிறார் என்றால்? ஐந்து நிமிடம் தாமதமாகப் போங்கள், குலுக்காமல் போங்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவரும், "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்துகிற உறவினரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதிர்வுக்கு அளவுகோல் இருக்கிறதா? இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 2631 என்ற உலகத் தர விதி, உடம்பு எந்த வேகத்தை எவ்வளவு உணரும் என்று கணக்கிட்டு, மீட்டர்/விநாடி² என்ற அலகில் சொல்கிறது. 0.315-க்குக் கீழே இருந்தால் சுகம். 2-ஐத் தாண்டினால் தாங்க முடியாத அவதி. ஐரோப்பாவில் 2002-இல் சட்டமே போட்டார்கள். எட்டு மணி நேர வேலையில் 0.5 வந்தால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15-ஐத் தாண்டவே கூடாது. யாருக்காக? டிராக்டர் ஓட்டுகிறவருக்காக, லாரி ஓட்டுகிறவருக்காக, ஹெலிகாப்டர் ஓட்டுகிற விமானிக்காக. மிகவும் நல்லது. ஆனால் அந்த விமானிக்குப் பின்னால் படுத்திருப்பவருக்காக அந்தச் சட்டம் எழுதப்படவில்லை. திடகாத்திரமாக உட்கார்ந்து வேலை செய்கிறவரை வைத்துப் போட்ட கணக்கு, ஒரு கிலோ குழந்தைக்கு எப்படிப் பொருந்தும்?

எனவே மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசிக்குள் முடுக்கமானி இருக்கிறது. ஜெர்மனியில் ஆகன் பல்கலைக்கழகத்தார் செய்த 'ஃபைபாக்ஸ்' என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அது முடுக்கமானி உணரும் அதிர்வை வரைபடமாகப் போட்டுக் காட்டும். நோயாளி இருக்கும் வண்டியில் யாரும் ஏறவேண்டாம்! பேருந்திலோ வாடகைக் காரிலோ ஏறி, கைபேசியைத் தரையில் அசையாமல் ஒட்டிவைத்து, செஞ்சியிலிருந்து விழுப்புரம் வரை, செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரை அளந்து பாருங்கள். எந்தக் கிலோமீட்டரில் எந்த வேகத்தில் என்ன குலுக்கம் என்று ஒரு வரைபடம் போடுங்கள். இரண்டு வழி இருக்கும் இடத்தில் எது மென்மையான வழி என்று நம் பைலட் தோழர்களிடம் கொடுங்கள். நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். "ரோடு சரியில்லை" என்று மனு எழுதினால் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த வேகத்தடையில் இவ்வளவு முடுக்கம் என்று எண்ணோடு எழுதினால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அரசு நாளைக்கு நம் மாநிலத்தில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்கு ஒப்பந்தம் போடுமானால், "எத்தனை நிமிடத்தில் வருவாய்?" என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுத வேண்டும். ஸ்ட்ரெச்சரின் மேல், இன்குபேட்டரின் உள்ளே, எவ்வளவு அதிர்வு? ஒவ்வொரு பயணத்திலும் அளந்து நோயாளியின் கோப்பில் சேர்க்க வேண்டும். வெப்பநிலையை எழுதுகிறோம், ஆக்சிஜன் அளவை எழுதுகிறோம். இதை எழுத என்ன தடை?

கடைசியாகத் தாய்மார்களுக்கும், வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். உலகத்தில் இதுவரை செய்யப்பட்ட எந்த இன்குபேட்டரைவிடவும் கருப்பை நல்ல இன்குபேட்டர். குழந்தை அங்கே நீருக்குள் மிதக்கிறது. சாலையின் அடி அதைத் தொடுவதற்கு முன் தாயின் உடம்பு அதை வாங்கிக்கொள்கிறது. உங்கள் வீட்டுப் பெண்ணைப் பரிசோதித்த மருத்துவர், "குறைமாதத்தில் வலி வரும் போலிருக்கிறது, ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, இப்போதே முண்டியம்பாக்கம் போய்விடுங்கள்" என்று சொன்னால், "இன்னும் ஒரு நாள் பார்க்கலாம், இங்கேயே பிரசவம் ஆகட்டும், குழந்தைக்கு ஏதாவது என்றால் அப்புறம் எடுத்துக்கொண்டு போகலாம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். குழந்தையைத் தனியாகப் பெட்டியில் வைத்து அனுப்பும் நிலைமை வருமுன்னே, வயிற்றில் இருக்கும்போதே தாயோடு அனுப்புங்கள். வாய்ப்பிருந்தால் அன்றைக்கே, பகல் வெளிச்சத்திலேயே கிளம்புங்கள்.